தலையிலடித்த சத்தியமும் சங்கத்து வரலாறும்

எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தால் ஊரில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். மற்றவர்கள் வீட்டில் அது கல்யாணச் செய்திக்கும் பரீட்சை முடிவுக்கும்கூட அடிக்கும் என்பதை நான் வெகு தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன். அப்பா புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அது ஒப்புக்கு. அவருடைய உண்மையான தொழில் சங்கம். ஊருக்கு நாலு நல்ல காரியம் செய்வதற்காக டாக்டர்களும் வியாபாரிகளும் வாத்தியார்களும் சேர்ந்து நடத்திய சேவைச் சங்கம் அது. அதில் கண்தானப் பொறுப்பாளர் என்கிற பதவியை அப்பா வகித்தார். வகித்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வேறு யாரும் அந்தப் பதவியைச் சீந்தவில்லை என்பதுதான் உண்மை.

வேலை இதுதான். ஒருவர் இறந்தால் ஆறு மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். எடுப்பதற்குத் திருச்சியிலிருந்து டாக்டர்கள் வருவார்கள். ஆனால் அதற்கு முன்னால் யாராவது ஒருவர் துக்க வீட்டுக்குள் நுழைந்து, மாரில் அடித்துக்கொண்டு அழுகிறவர்களிடம், உங்கள் அப்பாவின் கண்ணைத் தருகிறீர்களா என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு அடி வாங்காமல் திரும்பவும் வேண்டும். நீர்மோர்ப் பந்தல் திறக்கவும் மரக்கன்று நடவும் முண்டியடித்த சங்கத்துக்காரர்கள் இதற்கு மட்டும் தரையைப் பார்த்தார்கள். அப்பா கையைத் தூக்கினார்.

விளைவை அனுபவித்தது நானும் அம்மாவும். பள்ளிக்கூடத்தில் என் பெயர் மறைந்து 'கண்ணுக்காரர் மகள்' ஆகிவிட்டேன். என்னோடு சண்டை போட்டால் அப்பாவிடம் சொல்லிக் கண்ணைப் பிடுங்க வைப்பேன் என்று ஒருத்தி கிளப்பிவிட, மதியச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் உட்கார ஆளில்லாமல் போயிற்று. திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அப்பா ஆப்பிளும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவார். நல்ல எண்ணத்தோடுதான் போனார், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஆனால் அவர் தலை வாசலில் தெரிந்ததும் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துகொள்வார். எதிர்வீட்டுப் பெரியவர் ஒருமுறை கட்டிலைவிட்டு இறங்கி நடந்தே காட்டினார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க, லேசா சளி. நீங்க கெளம்புங்க" என்றாராம். டாக்டர் ஊசிக்கு எழுந்திருக்காதவர்கள் எல்லாம் உங்கள் அப்பாவைப் பார்த்தால் எழுந்துவிடுகிறார்கள் என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கவே முடியாதது சங்கத்து வரலாறு.

சங்கத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். அவர் அந்த வரலாற்றைச் செந்தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். மாதாமாதம் நடக்கும் குடும்ப விருந்தில் தலைவர் பித்தளை மணியை அடித்ததும் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் எழுந்து அதை ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்து முடித்த பிறகுதான் பரோட்டாவும் குருமாவும் கண்ணில் தெரியும். "சமஸ்தானம் மறைந்து மக்களாட்சி மலர்ந்த அந்நாளில், ஒரு மருத்துவரும் ஓர் அரிசி ஆலை அதிபரும் ஓர் ஆசிரியரும் பேருந்து நிலையத்து வேப்பமர நிழலில் ஒரு மண்பானைத் தண்ணீர் வைத்தனர், அப்பானையே நம் சங்கம்" என்று அது ஆரம்பிக்கும். பிறகு ஏழைப் பிள்ளைகளுக்குப் பால் பவுடர் கொடுத்தது வரும். கண்மாயெல்லாம் வெடித்துக் கிடந்த வருஷத்தில் உறுப்பினர்கள் தங்கள் லாரியிலேயே கிராமம் கிராமமாகத் தண்ணீர் கொண்டுபோனது வரும். புயலில் எல்லாவற்றையும் இழந்த கோட்டைப்பட்டினத்து மீனவர்களுக்கு வலை வாங்கிக் கொடுத்தது, போலியோ சொட்டு மருந்து, கண்புரை முகாம் என்று நீண்டு, கடைசியில் கண்தானம் எப்படி நடக்கும் என்பதில் போய் நிற்கும். பசித்த பிள்ளைகளுக்கு ஒரு மண்பானை எவ்வளவு நீளம் என்பது அந்த விருந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

துக்க வீட்டில் எடுத்த எடுப்பில் கண்ணைக் கேட்கக் கூடாது, முதலில் சங்கத்தின் மேல் நம்பிக்கை வரவழைக்க வேண்டும் என்று ஏதோ பயிற்சி வகுப்பில் சொல்லிவிட்டார்கள். அப்பா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பிணம் கிடக்கும் வீட்டில் போய் நின்று மண்பானையிலிருந்து ஆரம்பிப்பார். நடுவில் வெளியூர்ச் சொந்தம் யாராவது ஓவென்று அழுதபடி வந்து விழுந்தால் நிறுத்துவார். அழுகை ஓய்ந்ததும் விட்ட இடம் மறந்துபோகும். மறுபடியும் சமஸ்தானத்துக்கே போய்விடுவார். ஆறு மணி நேரக் கெடு உள்ள காரியத்தை இப்படியா செய்வது என்று சங்கத்தில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. பாதிப் பேர் இவர் பேச்சை நிறுத்துவதற்காகவே கண்ணைக் கொடுத்தார்கள் என்பது அம்மாவின் முடிவு. எப்படியோ, கொடுத்தார்கள். யார் யாருக்கோ பார்வை வந்தது. எனக்கு அது அப்போது ஒரு பொருட்டாகவே படவில்லை.

மாமா வீட்டோடு பகை வந்ததும் இந்தப் பானையால்தான். மாமா என்றால் அம்மாவின் ஒரே அண்ணன். விராலிமலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் தாத்தாவோடு, அதாவது அம்மாவின் அப்பாவோடு, விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நாலாம் வகுப்பு படித்தபோது மாமாவின் மாமனார் கீரனூரில் தவறிப்போனபோது அப்பா மாலையோடு போயிருக்கிறார். குளிப்பாட்டி முடித்துத் தூக்குவதற்குத் தயாராக நின்ற நேரம். அப்பா வரலாற்றைத் தொடங்கினார். தண்ணீர் லாரிக்கு வந்தபோது தூக்குகிறவர்கள் பீடி பற்றவைத்துக்கொண்டார்களாம். போலியோவுக்கு வருவதற்குள் மாமாவின் மனைவி, என் அத்தை, அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு எழுந்துவிட்டாள். "ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். இதுக்குத்தான் மாலையத் தூக்கிக்கிட்டு வந்தீங்களா?" என்று அத்தனை பேருக்கு நடுவில் கேட்டாள். அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது.

அடுத்து வந்த பொங்கலுக்கு மாமா சீர் கொண்டுவரவில்லை. அம்மாவுக்குக் கல்யாணமான வருஷத்திலிருந்து ஒருமுறைகூடத் தவறாமல் பானையும் கரும்பும் மஞ்சள் கொத்துமாக வந்து நின்றவர். போகி அன்றைக்கு அம்மா போட்ட கோலத்தையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டு வாசலில் நின்றாள். பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்தாள். பொழுது சாய்ந்து உள்ளே வந்து அப்பாவுக்குச் சோறு போட்டபோது தட்டு விழுந்த வேகத்தில் ரசம் தெறித்தது. பிறந்த வீட்டு வாசல் அடைபடுவது என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அம்மா தொட்டதற்கெல்லாம் என்மேல் எரிந்து விழுகிறாள் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. அதற்கும் காரணம் அப்பாதான் என்று கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த கோடை விடுமுறையில் மாமாவே கூப்பிட்டார். அம்மாதான் எடுத்தாள். வழக்கம்போல யாரோ செத்துவிட்டார்கள் என்று நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அம்மா நின்றவாக்கில் சுவரோடு சாய்ந்தாள். தாத்தாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே வா, மாப்பிள்ளையும் வரட்டும், ஆனால் கண்ணு பேச்சு மட்டும் இந்த வாசலுக்குள் வரக் கூடாது, வந்தால் அத்தோடு எல்லாம் முடிந்தது. இதுதான் மாமா சொன்னது.

அம்மா போனை வைத்துவிட்டு அப்பாவிடம் சத்தியம் கேட்டாள். அப்பா சிரித்தார். சத்தியம், சகுனம், ராகுகாலம் எதிலும் தனக்கு நம்பிக்கை கிடையாது என்றார். அது ஊரறிந்த விஷயம். ராகுகாலத்தில் வேண்டுமென்றே கடையைத் திறப்பவர் அவர். பூனை குறுக்கே போனால் அதற்கு வழிவிட்டு நன்றியும் சொல்வார்.

"நம்பிக்கைதான் இல்லையே, அப்பறம் பண்றதுக்கு என்ன?" என்று கேட்டாள் அம்மா.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். கைக்கு எட்டிய தூரத்தில் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பட்டென்று என் உச்சந்தலையில் கையை வைத்து, அங்கே கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று அடித்துச் சத்தியம் செய்துவிட்டார். தலைக்குச் சொந்தக்காரியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பொய்ச் சத்தியம் செய்தால் யார் தலையில் அடித்தார்களோ அவர்களுடைய தலை சுக்குநூறாக வெடித்துவிடும் என்று என் வகுப்பில் ஒருத்தி ஆதாரத்தோடு சொல்லியிருந்தாள். ஆதாரம், அவள் ஊரில் செத்துப்போன ஒரு பசுமாடு. எனக்கு அது போதுமானதாக இருந்தது. மண்பானையைச் சொல்லாமல் ஐந்து நிமிஷம் இருக்கத் தெரியாத மனிதரின் நாக்கில் என் தலை மாட்டிக்கொண்டுவிட்டது. அன்னவாசல், இலுப்பூர் வழியாகப் போன அந்தப் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. பக்கத்து ஆளிடம் அப்பா ஏதாவது பேச்சுக் கொடுக்கிறாரா என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு போனேன்.

தாத்தா கட்டிலில் கிழிந்த பாய் மாதிரி கிடந்தார். ஆனாலும் நினைவு தெளிவாக இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் சங்கம் நடத்திய முகாமில் அவருக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தது. அதிலிருந்து கிராமத்தில் யார் வீட்டுக்குப் பேப்பர் வந்தாலும் அதை முதலில் படிப்பவர் அவர்தான். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "என்ன மாப்ள, ஒங்க சங்கம் எப்புடி நடக்குது?" என்று கேட்டுத் தொலைத்தார்.

நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். மாமா கதவோரம் நின்று முறைத்தார். அப்பா தொண்டையைச் செருமி, "நடக்குதுங்க மாமா" என்றார். அவ்வளவுதான். அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி அதற்கு முன் நாங்கள் யாரும் கேட்டதில்லை. தாத்தாவே ஏமாந்துபோன மாதிரிதான் தெரிந்தது.

மறுநாள் காலை அரை டம்ளர் கஞ்சி குடித்த தாத்தா, அம்மாவின் மடியில் தலையைச் சாய்த்தபடி இறந்துபோனார். அழுகை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் ஷாமியானா போட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின. இலுப்பூரிலிருந்து ஐஸ் பெட்டி கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நான் தாத்தாவுக்காக அழ வேண்டும் என்று நினைத்தேன், அதற்கு நேரமில்லை. அப்பாவைக் காவல் காக்க வேண்டியிருந்தது.

அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்தார், எழுந்தார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடி உட்கார்ந்தார். போவோர் வருவோருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். சொந்தக்காரர்களுக்கு இது ஒரு வேடிக்கை ஆகிவிட்டது. "என்னங்க, இன்னைக்கு ஒங்க பானை கதை இல்லீங்களா?" என்று ஒருவர் துண்டால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டார். அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. நான் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து என் உள்ளங்கையால் அவர் வாயைப் பொத்திக்கொண்டேன். துக்க வீட்டில் பிள்ளைக்கு விளையாட்டைப் பார் என்று ஒரு கிழவி திட்டினாள். தலை யாருடையது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வெயில் ஏறியபோது அம்மா உள்ளேயிருந்து வந்தாள். முகம் வீங்கி, தலை கலைந்து, அடையாளமே தெரியவில்லை. நேராக மாமாவிடம் போனாள்.

"அண்ணே, அப்பா கண்ணைக் குடுத்துருவோம்."

 மாமா அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துவிட்டார். அம்மாவுக்கு அது புரிந்தது.

"அவரு நேத்துலேருந்து வாயத் தொறந்தாரா? நான்தாண்ணே கேக்குறேன். ஊரான் வீட்டுச் சாவுக்கெல்லாம் போனை எடுத்து இவருகிட்டக் குடுத்தவ நான். ஊரான் பெத்த அப்பன் கண்ணுன்னா குடுக்கணும், எங்கப்பன் கண்ணுன்னா கூடாதா? புரை எடுத்த அன்னைலேருந்து அந்தக் கண்ண வச்சுக்கிட்டு அவரு எவ்வளவு சந்தோஷமா இருந்தாரு. அது மண்ணுக்குள்ள போறதுக்கா?"

பங்காளிப் பெரியவர் ஒருவர் குறுக்கிட்டார். கண்ணில்லாமல் அனுப்பினால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பார் என்றார். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். முகம் குழி விழுந்து பார்க்கச் சகிக்காமல் போய்விடும் என்றார் ஒருவர். இப்போது ஆரம்பித்தால் பொழுது சாய்ந்துவிடும், தூக்க முடியாது என்றார் இன்னொருவர். மாமா ஒரேயடியாக மறுக்கவில்லை. தங்கை அந்த வாசலில் அழுதுகொண்டு நிற்பதைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"மாப்ள, நீங்க சொல்லுங்க. மொகம் எப்புடி ஆகும்? எம்புட்டு நேரம் புடிக்கும்?"

அப்பா வாயைத் திறந்தார். நான் "அப்பா!" என்று அலறினேன். அப்பா என் தலையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"கேக்குறேன்ல, சொல்லுங்க மாப்ள."

அப்பா என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசற்படியில் நின்ற அத்தைக்குப் பொறுக்கவில்லை. "கேக்காதப்ப ஊரக் கூட்டிப் பேசுவாரு. கேக்குறப்ப வாயில கொழுக்கட்டை" என்றாள். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பழசை மனதில் வைத்துக்கொண்டு வீம்பு செய்கிறார் என்று சத்தம் போட்டார். அம்மா ஓடிவந்து அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏங்க, சத்தியம் வாங்குனது நானு. நானே விட்டுத்தாரேன், சொல்லித் தொலைங்களேன்! நேரம் ஓடுதே!"

விட்டுத்தர இவள் யார், தலை என்னுடையதல்லவா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. அப்பா அசையவில்லை. ஒரு வார்த்தைக்கு நூறு வார்த்தை பேசுகிறவர், வாழ்நாளில் முதல்முறையாகத் துக்க வீட்டுக்காரர்களே கூப்பிட்டுக் கேட்கும்போது, கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தார். மாமா சலித்துப்போய்த் திரும்பினார். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். நேற்றுத்தான் திறந்த வாசல், அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் மறுபடியும் மூடப்போகிறது என்று எனக்கே தெரிந்தது.

ஆகவே நான் எழுந்தேன். அப்பா பேசக் கூடாது என்பதுதான் சத்தியம். நான் பேசக் கூடாது என்று யாரும் அடிக்கவில்லை. நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "சமஸ்தானம் மறைந்து மக்களாட்சி மலர்ந்த அந்நாளில்" என்று ஆரம்பித்தேன்.

பந்தலே முனகியது. "ஐயையோ, இதுவுமா!" என்றாள் அத்தை. மாமா கையெடுத்துக் கும்பிட்டார். "ஆத்தா, பானைய விட்டுட்டு விசயத்துக்கு வா" என்றார். வர முடிந்தால் வந்திருக்க மாட்டேனா? மனப்பாடம் நூல்கண்டு மாதிரி, நுனியிலிருந்து இழுத்தால்தான் வரும். மாமா குறுக்கே பேசியதில் விட்ட இடம் மறந்துபோய் மறுபடி சமஸ்தானத்துக்குப் போனேன். இந்தமுறை யாரும் வாயைத் திறக்கவில்லை. பால் பவுடர் கொடுத்தேன். லாரியில் தண்ணீர் கொண்டுபோனேன். அதற்கப்புறம் என்ன என்று தடுமாறியபோது அப்பாவைப் பார்த்தேன். அவருடைய உதடுகள் சத்தமில்லாமல் என்னோடு கூடவே அசைந்துகொண்டிருந்தன. 'வலை' என்று அசைந்தன. மீனவர்களுக்கு வலை கொடுத்து, சொட்டு மருந்து ஊற்றி, கண்புரை அறுத்து, ஒருவழியாகக் கண்தானத்துக்கு வந்து சேர்ந்தேன். முகத்தில் ஒரு மாற்றமும் தெரியாது, இமை மூடினபடியே இருக்கும், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், சடங்கு எதுவும் தடைப்படாது, ஒருவர் கொடுத்தால் இரண்டு பேருக்குப் பார்வை. சொல்லி முடித்து, வழக்கப்படி வணக்கமும் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. பங்காளிப் பெரியவர்கூட ஏதோ யோசித்துக்கொண்டு நின்றார். மாமா தாத்தா கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்பாவுக்குத்தான் புரை ஆபரேசன் பண்ணியிருக்கே. அந்தக் கண்ணு ஆகுமா?"

அது வரலாற்றில் இல்லை. நான் விழித்தேன். அம்மாவுக்கும் தெரியவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் அப்பா பக்கம் திரும்பினார்கள். ஆகாது என்று மாமாவே முடிவு செய்துகொண்ட மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டார். அப்பாவுக்கு வியர்த்துக் கொட்டியது. என் முகத்தைப் பார்த்தார், தலையைப் பார்த்தார், கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"ஆகும் மச்சான். அந்தக் கண்ணும் ஆகும்."

அவ்வளவுதான் சொன்னார். நான் நாற்காலியிலிருந்து குதித்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, மாட்டுக்கொட்டகைக்கு ஓடினேன். கொடியில் கிடந்த துண்டை உருவி, சிதறினாலும் எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கட்டும் என்று தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு வைக்கோலுக்குள் உட்கார்ந்தேன். என்னைப் பெற்றவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று அழுதேன். தாத்தாவுக்காக வராத அழுகையெல்லாம் அங்கேதான் வந்தது.

அதனால் டாக்டர் வந்ததை நான் பார்க்கவில்லை. அம்மாவே அப்பாவின் செல்போனை வாங்கித் திருச்சிக்குப் பேசினாளாம். நெடுஞ்சாலை பக்கம் என்பதால் கார் சீக்கிரமே வந்துவிட்டது. கெடுவுக்குள் எல்லாம் முடிந்தது. முதலில் உள்ளே போய்ப் பார்த்தவர் மாமாதான். வெளியே வந்து, "தூங்குற மாதிரிதான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு, தங்கையின் தலையைத் தோளில் சேர்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாராம். அத்தை அப்பாவுக்குக் காப்பி கொண்டுவந்து நீட்டியபோது அவர் அங்கே இல்லை. என்னைத் தேடிக்கொண்டிருந்தார்.

கொட்டகையில் என்னைக் கண்டுபிடித்ததும் துண்டை அவிழ்த்தார். தேங்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரி என் தலையைச் சுற்றிலும் தடவிப் பார்த்தார். "வெடிக்கலப்பா" என்றேன் வெறுப்போடு. அவர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அப்பாவின் தொல்லை தாங்க முடியாமல் போயிற்று. தலை வலிக்கிறதா, கிறுகிறுவென்று வருகிறதா என்று வேளைக்கு ஒருமுறை கேட்டார். சைக்கிளை எடுக்க விடவில்லை. கொய்யா மரத்தில் ஏற விடவில்லை. தூங்கும்போது நெற்றியில் கை வைத்து எழுப்பிவிட்டார். விடுமுறை மொத்தமும் இப்படியே பாழாயிற்று. தாத்தாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்கள் போனபோது மாமா என்னை நாற்காலியில் ஏற்றிவைத்துப் பானை கதையைச் சொல்லச் சொன்னார். அப்பா அதற்கும் விடவில்லை, விழுந்துவிடுவாளாம்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை என்னைக் குளிக்கச் சொல்லி, பாவாடை கட்டச் சொல்லி, அப்பா திருக்கோகர்ணம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூப்பிடு தூரத்தில் இருந்தும் அவர் அந்த வாசலை மிதித்து நான் பார்த்ததில்லை. சங்கத்துக்காரர்கள் அங்கே அன்னதானம் போடப்போகிறார்கள், இடம் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். தேங்காய் பழத் தட்டைக் கொடுத்தபோது குருக்கள் யார் பெயருக்கு என்று கேட்டார். சங்கத்தின் பெயரைத்தான் சொல்லப்போகிறார் என்று பார்த்தால், என் பெயரைச் சொன்னார். உத்திரட்டாதி என்று நட்சத்திரத்தையும் சரியாகச் சொன்னார். என் பிறந்தநாளையே அம்மா நினைவுபடுத்தினால்தான் தெரியும் அவருக்கு.

திருநீறு வாங்கி என் உச்சந்தலையில் ஒரு கை அள்ளிப் போட்டார். அன்றைக்குத்தான் சீயக்காய் தேய்த்துக் குளித்திருந்தேன். கண்ணெல்லாம் திருநீறு விழுந்து எனக்கு எரிச்சலான எரிச்சல். அன்னதானம் என்றைக்கு என்று கேட்டேன். பதில் இல்லை. வெளியே வந்து செருப்பைப் போடும்போது இன்னொருமுறை கேட்டேன். அப்பா என் தலையிலிருந்து கையை எடுக்காமல் பேசாமலே நடந்தார். ஊரில் எல்லோரிடமும் வாய் ஓயாமல் பேசுகிறவர், பெற்ற மகள் கேட்கிற ஒரு சின்னக் கேள்விக்குப் பதில் சொல்லக் கூடாதா என்று, அந்தக் கனத்த கையைத் தட்டித் தட்டிவிட்டபடியே வீடு வந்து சேர்ந்தேன்.